வண்டி இன்சூரன்ஸில் எதைக் குறைப்பது? நம் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லாரி உரிமையாளர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், என்னைப் போல ஒன்றிரண்டு வண்டியை வைத்துக்கொண்டு டியூ கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

சங்ககிரியிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு வண்டி. ஒன்று பத்துச் சக்கர டாரஸ், இன்னொன்று பன்னிரண்டு சக்கரம். பன்னிரண்டை வீட்டுக்காரர் ஓட்டுகிறார், பத்துக்கு டிரைவர் போட்டிருக்கிறோம். லோடு பிடிப்பது, பட்டறை, டயர் எல்லாம் அவர் பொறுப்பு. டியூ தேதி, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), பர்மிட், வரி, இன்சூரன்ஸ் இதெல்லாம் என் நோட்டில் இருக்கும். பதினான்கு வருடமாக அந்த நோட்டை நான்தான் எழுதுகிறேன். சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் அதிகம் வருவதில்லை. ஆனால் நம் பகுதியில் பாதி வண்டிகளின் கணக்கு வீட்டுப் பெண்கள் கையில்தான் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

இரண்டு வருடம் முன்பு, ஆடி மாதம். தாவணகெரேயிலிருந்து நாமக்கல் தீவன மில்லுக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு பத்துச் சக்கரம் வந்துகொண்டிருந்தது. விடியற்காலை நாலரை மணிக்குத் தோப்பூர் இறக்கத்தில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றுவிட்டது. எங்கள் டிரைவர் இடது பக்கம் ஒடித்தார். தடுப்புக் கம்பியைக் கிழித்துக்கொண்டு போய் அந்த வண்டியின் வால்பக்கத்தில் எங்கள் கேபினின் இடது பாதி சொருகிக்கொண்டது. டிரைவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இருபத்தொரு வயது. உயிர்ச்சேதம் இல்லை என்று கேள்விப்பட்டபோது நான் சாமிக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணி இன்னும் வீட்டில் இருக்கிறது.

நான் எழுத வந்தது விபத்தைப் பற்றி இல்லை. அதற்குப் பதினோரு நாள் கழித்துப் பட்டறையில் நடந்ததைப் பற்றி.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்திருந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பேசினார். பட்டறைக்காரர் கொடுத்த எஸ்டிமேட் 3,75,000 ரூபாய். அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்து, சிவப்புப் பேனாவால் பக்கத்தில் குறித்துக்கொண்டே போனார். கேபின் தகரம், கதவு, மற்ற இரும்புச் சாமான் 1,60,000. வண்டிக்கு நான்கு வயது முடிந்துவிட்டதால் அதில் 35 சதவீதம் தேய்மானம். ரப்பர், பிளாஸ்டிக் சாமான் 40,000, அதில் பாதி. கண்ணாடி 12,000, அதற்கு முழுசாகக் கொடுத்தார். கூலி 55,000, அதுவும் முழுசு. அப்புறம் ஒரு பெரிய வளைவுக் கோடு போட்டு, முன் டயர் இரண்டு, பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, பானெட் பக்கத் தகரம், பெயிண்ட் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பக்கத்தில் பூஜ்யம் எழுதினார். அது மட்டும் 1,08,000 ரூபாய்.

"ஏங்க இதுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றேன். பாலிசியைத் திருப்பிக் காட்டி, "ஐ.எம்.டி. 23 போடலையேம்மா" என்றார்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். பதினான்கு வருடம் கணக்கு எழுதியவள் சொல்கிறேன், வெட்கமாக இருந்தது. லாரி மாதிரி சரக்கு வண்டிகளுக்கான பாலிசியில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பம்பர், பானெட் பக்கப் பகுதி, பெயிண்ட் இதெல்லாம் தானாகச் சேராது. கூடுதல் ப்ரீமியம் கட்டி ஐ.எம்.டி. 23 என்ற சேர்க்கையை வாங்கினால்தான், வண்டியோடு சேர்ந்து அடிபடும்போது இவற்றுக்கும் பணம் கிடைக்கும். முழுசாகக் கிடைக்காது, தேய்மானம், பிடித்தம் போகத்தான். ஆனாலும் கணிசமாக வந்திருக்கும். முட்டினால் முதலில் போவது பம்பரும் ஹெட்லைட்டும்தானே! அதையே விட்டுவிட்டு "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்கு ஆகும் செலவு, சொந்த சேத ப்ரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்காகக் கட்டுவதில், 15 சதவீதம். எங்கள் வண்டிக்கு 1,750 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பழைய வாட்ஸப் செய்திகளைத் தேடினேன். புதுப்பித்த அன்றைக்கு ஏஜென்ட் தம்பி அனுப்பியது அப்படியே இருந்தது: "அக்கா 3,350 குறைச்சு முடிச்சுட்டேன்." நானும் கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த 3,350 எங்கிருந்து வந்தது என்று இப்போது பிரித்துப் பார்த்தேன். ஐ.எம்.டி. 23ஐ எடுத்ததில் 1,750. வண்டியின் மதிப்பை, அதாவது ஐ.டி.வி.யை, 16 லட்சத்திலிருந்து 13 லட்சமாக இறக்கியதில் 1,550. கிளீனர் பெயருக்கான சேர்க்கையை எடுத்ததில் 50 ரூபாய்.

ஐம்பது ரூபாய். கூலிக்கு வரும் டிரைவர், கிளீனருக்கு அடிபட்டால் முதலாளியாக நமக்கு வரும் சட்டப் பொறுப்பைக் கம்பெனி ஏற்றுக்கொள்ள, வருடத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய். பாலிசியில் "1" என்று இருந்தது, "2" என்று இருந்திருக்க வேண்டும். கிளீனர் தம்பியின் சிகிச்சை பற்றிக் கேட்டபோது, அவருக்கு ப்ரீமியம் கட்டவில்லையே என்று கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. வழக்குப் போட்டிருந்தால் வேறு தீர்ப்பு வந்திருக்குமோ என்னவோ, எங்களுக்கு அந்தத் தெம்பு இல்லை. அறுவை சிகிச்சை, கம்பி வைத்தது, ஏழு மாதம் அவர் வீட்டுக்கு மாதச் செலவு எல்லாம் நாங்கள்தான் பார்த்தோம். பார்க்க வேண்டியதும்தான், நம் வண்டியில் வந்த பிள்ளை. ஆனால் அந்தப் பணத்துக்கு என் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று. இன்னும் கொஞ்சம் நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் இப்போதும் எனக்கு உண்டு. அவர் நடக்கும்போது லேசாக ஒரு இழுப்பு இருக்கிறது.

ஏஜென்ட் தம்பியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. "குறைச்சுக் கொடு, குறைச்சுக் கொடு" என்று கேட்டது நான்தான். அவர் குறைத்தார். எதைக் குறைத்தாய் என்று நான் கேட்கவில்லை.

சரி, இதில் சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாம் இன்சூரன்ஸ் என்றாலே தேர்ட் பார்ட்டி ப்ரீமியத்தைப் பற்றித்தான், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்காகக் கட்டுவதைப் பற்றித்தான், பேசுகிறோம். 2017 மார்ச் 30 முதல் தென் மாநிலங்களில் லாரிகளை நிறுத்தியது அதற்காகத்தான். 2018 ஜூலையில் நாடு முழுக்க ஒரு வாரத்துக்கு மேல் வண்டிகள் நின்றபோதும் கோரிக்கைகளில் அது இருந்தது. அந்தப் போராட்டங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், எங்கள் வண்டியும் நின்றது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி ப்ரீமியம் டெல்லியில் முடிவாகிறது. எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, மொத்த எடை 12 டன்னிலிருந்து 20 டன் வரை உள்ள வண்டிக்கு 35,313. 20லிருந்து 40 டன் வரை 43,950. அதற்கு மேல் 44,242. நாமக்கல்லில் போட்டாலும் நாக்பூரில் போட்டாலும் இதே கணக்கு. இதில் ஏஜென்ட்டும் குறைக்க முடியாது, கம்பெனி மேனேஜரும் குறைக்க முடியாது. யாராவது "தேர்ட் பார்ட்டியிலேயே பாதி குறைச்சுத் தர்றேன்" என்றால் அந்தப் பாலிசி போலி என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிடலாம்.

(இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சரக்கு வண்டிகளின் தேர்ட் பார்ட்டி ப்ரீமியத்துக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. 43,950 கட்டுகிற வண்டிக்கு வரியில் மட்டும் 3,076 ரூபாய் மிச்சம். ஏஜென்ட் எனக்குக் கவரை, அதாவது பாலிசி கொடுக்கும் பாதுகாப்பை, வெட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த தொகைக்கு ஏறக்குறைய சமம் இது. புதுப்பிக்கும்போது பில்லில் 5 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சொந்த சேதப் பகுதிக்கு 18 சதவீதம்தான், அது மாறவில்லை.)

பேரம் பேச முடிகிற பகுதி சொந்த சேதப் பகுதி, நாம் ஓ.டி. என்கிறோமே அது. 2007 ஜனவரி 1லிருந்து அதற்கு அரசு நிர்ணயித்த கட்டணம் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். எவ்வளவு மாறும் என்று நானே சோதித்தேன். விபத்துக்கு அடுத்த புதுப்பிப்பின்போது ஒரு மாதம் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி நான்கு கம்பெனிக்குக் கொடுத்தேன். அதே வண்டி, அதே 14 லட்சம் ஐ.டி.வி., ஐ.எம்.டி. 23 உண்டு, டிரைவர் ஒன்று கிளீனர் ஒன்று உண்டு, போன வருடம் க்ளைம் வாங்கினோம், அதனால் என்.சி.பி. (க்ளைம் வாங்காததற்கான தள்ளுபடி) கிடையாது. எதையும் மறைக்கவில்லை. வந்த விலை 9,800லிருந்து 21,300 வரை. ஒரே வண்டி, ஒரே கவர்! பாதிக்கும் குறைவான விலையில் அதே கவர் அடுத்த தெருவில் இருந்திருக்கிறது. நான் இத்தனை வருடம் ஒரே ஆளிடம் கேட்டு, அவர் கவரை வெட்டிக் கொடுத்ததை லாபம் என்று நினைத்திருந்தேன்.

இந்த மடலில் நான் சொல்ல வந்ததே இதுதான். ஓ.டி. விலையில் பேரம் பேசலாம், பேச வேண்டும். கவரில் கை வைக்கக் கூடாது. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். தனித்தனியாக இருப்பதால்தான் செய்கிறோம்.

ஐ.டி.வி. விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் வண்டியே கைவிட்டுப் போகிறது. ஐ.டி.வி.யைக் குறைத்தால் திருட்டுப் போனால்தானே நஷ்டம், லாரியை யார் திருடப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எடப்பாடிப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அப்படித்தான் நினைத்தார். சந்தையில் 14 லட்சம் போகிற வண்டிக்கு 9 லட்சம் ஐ.டி.வி. போட்டார். ஃபைனான்ஸ் பாக்கி 10,20,000 இருந்தது. வண்டி கவிழ்ந்தது. பழுது பார்க்க 7 லட்சம் என்று எஸ்டிமேட். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். 9 லட்சத்தில் 75 சதவீதம் 6,75,000. தாண்டிவிட்டது. ஓட வைத்திருக்கக்கூடிய வண்டி காயலான் கடைக்குப் போயிற்று. வந்த 9 லட்சம் நேராக ஃபைனான்ஸுக்குப் போயிற்று. வண்டி இல்லாமல், 1,20,000 கடனோடு அந்த அண்ணன் இப்போது வேறொருவர் வண்டியில் டிரைவராக ஓடுகிறார். ஐ.டி.வி. 14 லட்சம் இருந்திருந்தால் 75 சதவீதம் என்பது 10,50,000. ஏழு லட்சத்தைச் செலவு செய்து வண்டியைத் திரும்ப ரோட்டில் விட்டிருப்பார்கள்.

அவர் மிச்சம் பிடித்தது மூவாயிரமோ நாலாயிரமோதான்.

புது வண்டிக்கு ஐ.டி.வி. தேய்மான அட்டவணைப்படி வரும். ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் 20 சதவீதம், அப்படியே ஏறி, நான்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் கழியும். ஐந்து வருடம் தாண்டினால் கம்பெனியும் நாமும் பேசி வைப்பதுதான் ஐ.டி.வி. பழைய வண்டிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான். பாடி கட்டிய செலவைச் சேர்த்தார்களா என்று பாருங்கள். சேஸிஸ் விலையை மட்டும் போட்டுவிட்டால் திருச்செங்கோட்டில் லட்சக்கணக்கில் கொடுத்துக் கட்டிய பாடி கணக்கிலேயே வராது. ஃபைனான்ஸ் பாக்கிக்குக் கீழே ஐ.டி.வி. போகவே கூடாது என்பது நான் எனக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒன்று சொல்ல வேண்டும்: பதினைந்து வருடம் ஓடி, டியூ எல்லாம் முடிந்து, உள்ளூர் செங்கல் லோடு அடிக்கிற வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவதில் தப்பில்லை. போனால் போகட்டும் என்று தாங்கக்கூடிய நஷ்டம் அது. டியூ ஓடுகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

என்.சி.பி.யைப் பற்றி ஒரு வார்த்தை. க்ளைம் வாங்காத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஓ.டி. ப்ரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். செலவைக் குறைக்க இதைவிட நேர்மையான வழி இல்லை. ஆறாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு க்ளைம் போட்டால் அடுத்த வருடம் மொத்தத் தள்ளுபடியும் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சின்னச் செலவைக் கைக்காசில் முடித்துவிடுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போய்விடும். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்கும்போது கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அதே வகைப் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம். நம் பகுதியில் வண்டி மாற்றுகிற எத்தனை பேர் அந்தக் கடிதத்தை வாங்குகிறார்கள்? நாங்கள் ஒரு முறை வாங்காமல் விட்டோம். அதே சமயம் க்ளைம் வாங்கிவிட்டு வாங்கவில்லை என்று சொல்லித் தள்ளுபடி எடுக்காதீர்கள். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அடுத்த விபத்தில் அந்தப் பொய்தான் முதலில் வெளியே வரும்.

அதேபோல ஏஜென்ட் கமிஷனில் பங்கு கேட்டு வாங்குவது. எல்லோரும் செய்வதுதானே என்று நினைக்கிறோம். 1938ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி. குறைவதெல்லாம் பாலிசிக்குள்ளேயே, ரசீதிலேயே குறையட்டும்.

லோடைப் பற்றியும் சுருக்கமாக. வண்டி பாலிசியில் ஏற்றிய சரக்குக்கு ஒரு பைசா கிடையாது. எங்கள் மக்காச்சோளம் ரோட்டில் கொட்டியது மில்காரரின் சரக்கு இன்சூரன்ஸில் தீர்ந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். சரக்குக்காரருக்குப் பணம் கொடுத்த கம்பெனி திரும்பி வந்து வண்டிக்காரரிடம் வசூலிக்கும் உரிமை உண்டு. 2007ஆம் வருட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாடகையைப் போல் பத்து மடங்கு என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதற்கு மேல் பொறுப்பை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். புக்கிங் ஆபீஸில் நீட்டுகிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நம் டிரைவர்களுக்கு இருக்கிறது.

இதையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விபத்து நடந்துதான் கற்றுக்கொள்ள வேண்டுமா? அதற்குத்தானே சங்கம்.

தலைவர் அவர்களே, சங்கக் கட்டிடத்தில் ஒரு மேசை போடுங்கள். விஷயம் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். பாலிசி விற்க வேண்டாம், படித்துச் சொன்னால் போதும். உறுப்பினர்களின் வண்டி எண்ணும் பாலிசி முடியும் தேதியும் சங்கத்தில் இருக்கட்டும். 45 நாள் முன்பு ஒரு போன் போகட்டும். பழைய பாலிசியைக் கொண்டு வரச் சொல்லி, ஐ.டி.வி. என்ன, ஐ.எம்.டி. 23 உண்டா, எத்தனை ஆளுக்கு 50 ரூபாய் கட்டியிருக்கிறது, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 வரை கவர் இருக்கிறதா அல்லது 6,000 என்று சுருக்கி வைத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். (தோப்பூரில் நாங்கள் கிழித்த தடுப்புக் கம்பிக்கும், முன்னால் நின்ற வண்டிக்கும் அந்தப் பகுதியிலிருந்துதான் பணம் போயிற்று. 6,000 என்று இருந்திருந்தால் இந்த மடலை எழுத நான் சங்ககிரியில் இருந்திருப்பேனா தெரியவில்லை.) எஃப்.சி. முடிகிற தேதியையும், டிரைவர் லைசென்ஸ் முடிகிற தேதியையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கட்டும். எஃப்.சி. இல்லாத நாளிலோ, லைசென்ஸ் முடிந்துபோன டிரைவர் கையிலோ விபத்து நடந்தால், தேர்ட் பார்ட்டிக்குக் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு நம்மிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்த பாலிசியும் அப்போது நம் வீட்டைக் காப்பாற்றாது.

பாலிசியில் இருக்கும் க்யூ.ஆர். கோடை அந்த மேசையிலேயே ஸ்கேன் செய்து பார்க்கட்டும். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் ஏறியிருக்கிறதா என்று பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. போலிப் பாலிசியை நம்பி ஓடுகிற வண்டி ஒன்று ஒருவரை அடித்துவிட்டால் தீர்ப்பாயம் சொல்கிற தொகை முழுதும் உரிமையாளர் தலையில். உயிரிழப்புக்கு வரம்பு கிடையாது.

இரண்டாவது, விலை. என்னைப் போல ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் போய்க் கேட்டால் கம்பெனி கேட்கிற காதே வேறு. சங்கத்தில் இருக்கும் வண்டிகளை வயது, எடை, க்ளைம் வரலாறு என்று பட்டியல் போட்டு, பொதுத்துறை நான்கையும் தனியார் நான்கையும் ஒரே நாளில் கூப்பிடுங்கள். "இந்தக் கவரில் ஒரு வரி குறையக் கூடாது, உங்கள் ஓ.டி. விலை என்ன?" என்று ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். நான் ஒருத்தி வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அலைந்ததற்கே 21,300 எங்கே, 9,800 எங்கே என்று தெரிந்தது. நூற்றுக்கணக்கான வண்டிகளின் பட்டியலோடு நீங்கள் உட்கார்ந்தால் அவர்கள் எழுந்து நின்று பேசுவார்கள்.

மூன்றாவது, பணம் கட்டுகிற விதம். நாம் ஏன் வெட்டுகிறோம்? கெட்ட எண்ணத்திலா? புதுப்பிக்கிற நாளில் கையில் பணம் இருப்பதில்லை. என் கணக்கில் பத்துச் சக்கரத்துக்குத் தேர்ட் பார்ட்டி வரியோடு 46,148. ஓ.டி. 14,000 என்று வைத்தால் வரியோடு 16,520. ஆக 62,668 ஒரே நாளில். அதே மாதம் எஃப்.சி. வேலையும் காலாண்டு வரியும் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் ஐம்பது ரூபாயைக்கூட வெட்டத்தான் பார்ப்பார்கள். மாதம் 5,250 எடுத்து வைத்தால் வருடத்துக்கு 63,000. நம் ஊரில் சீட்டுப் போடாத வீடு இல்லை. சங்கமே வண்டிக்கு இவ்வளவு என்று வங்கியில் தனிக் கணக்கில் வாங்கி வைத்து, புதுப்பிக்கும் நாளில் நேராகக் கம்பெனிக்குக் கட்டட்டும். கூடவே, ப்ரீமியத்தைத் தவணையாகக் கட்ட வழி செய்யச் சொல்லி ஹைதராபாத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதுங்கள். அப்படியே எடைப் பிரிவைப் பற்றியும். இருபது டன்னைத் தாண்டியதும் ஒரேயடியாக 8,637 ஏறுகிறது, நாற்பதைத் தாண்டினால் ஏறுவது வெறும் 292. எங்கள் பத்துச் சக்கரமும் பன்னிரண்டு சக்கரமும் ஒரே தொகை கட்டுகின்றன. 20லிருந்து 40 வரை ஒரே பிரிவாக வைத்திருப்பதில் சின்ன வண்டிக்காரருக்கு என்ன நியாயம்?

க்ளைம் நேரத்தில் துணைக்கு ஒருவர் வருவதும் சங்கத்தால் முடியும். 2024இல் ஆணையம் போட்ட விதிகளின்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு. சர்வேயர் வந்து பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்கக் கூடாது என்று நம் பட்டறைக்காரர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்தி இல்லாவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பு அதிகாரி) இருக்கிறார், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம், வக்கீல் வேண்டியதில்லை. இதை எங்களுக்கு விபத்து நடந்த மாதம் யாராவது சொல்லியிருந்தால் கிளீனர் தம்பிக்காக நான் அங்கே போயிருப்பேன்.

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் வருகிறேன். சிவப்புப் பேனாவால் கோடு போட்ட அந்த எஸ்டிமேட், இரண்டு வருடப் பாலிசிகள், நான்கு கம்பெனி கொடுத்த விலைத் தாள்கள் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன். கிளீனர் தம்பியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது எங்கள் பன்னிரண்டு சக்கரத்தில்தான் போகிறார். அந்த வண்டிப் பாலிசியில் "டிரைவர் 1, கிளீனர் 1" என்று இருக்கிறதா என்று போன வாரம் என்னிடம் கேட்டு, அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

உறுப்பினர்கள் அன்றைக்கு அவரவர் பாலிசியை எடுத்து வாருங்கள். மேசை போடும் வரை, எனக்குத் தெரிந்ததை நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரிக் குடும்பத்துப் பெண்,
சங்ககிரி.